கட்டையை மாற்றும் முன்: வேட்டை ரைஃபிள் கேள்வி–பதில்

வட அமெரிக்காவில் நவம்பர் என்றால் மான் வேட்டை. அதனாலோ என்னவோ, உரிமத்தோடு ரைஃபிள் வைத்திருக்கும் அமெரிக்க, கனடா வாசகர்களின் கேள்விகள் இந்த முறை ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. எல்லாமே ஸ்டாக் பற்றியவை. தோளில் அண்டக் கொடுத்து, கன்னத்தை வைத்து, கையால் தாங்கிப் பிடிக்கிறோமே, அந்தக் கட்டை.

கேள்வி: என்னிடம் ரெமிங்டன் 700 ரைஃபிளின் எஸ்.பி.எஸ் மாடல் இருக்கிறது, .308 தோட்டா. கம்பெனியோடு வந்த கறுப்பு பிளாஸ்டிக் ஸ்டாக். மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டுகள் விழுகின்றன. பைபாட் (முன்னால் மாட்டும் இரட்டைக் கால் தாங்கி) மாட்டினால் இடம் மாறிவிடுகிறது. ஸ்டாக்கை மாற்றினால் சரியாகுமா? எதை வாங்குவது? (விஸ்கான்சின் வாசகர்)

பதில்: பெரும்பாலும் சரியாகும். மூட்டையில் வைக்கும்போது பாரம், குழலுக்குப் பின்னால் தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயந்திரப் பகுதியான ஆக்‌ஷனுக்குப் பக்கத்தில் இறங்குகிறது. பைபாட் மாட்டினால் பாரம் முழுவதும் ஸ்டாக்கின் முன்நுனிக்குப் போய்விடுகிறது. அச்சில் வார்த்த மலிவு பிளாஸ்டிக் அங்கே வளைந்து குழலைத் தொடும். தொட்ட குழல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக அதிரும்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை. ரைஃபிளைக் காலி செய்துவிட்டு, மளிகைக் கடை ரசீது ஒன்றை இரண்டாக மடித்துக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுனியிலிருந்து பின்னோக்கி இழுங்கள். எங்கே சிக்குகிறது என்று பாருங்கள். பிறகு நுனியையும் குழலையும் ஒரு கைக்குள் வைத்து அழுத்துங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டால் தீர்ப்பு வந்துவிட்டது. இந்த ஸ்டாக்குகள் பலவற்றில் நுனிக்கு உள்ளே இரண்டு சிறு மேடுகள் இருக்கும். அவை தவறி வந்தவை அல்ல, குழலைத் தாங்கவென்றே கம்பெனி வைத்தவை. அவற்றைத் தேய்த்து எடுத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மேடு போகும், வளைவு போகாது.

இனி வாங்கும் விஷயம். நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து மயங்குவதற்கு முன், ஆக்‌ஷன் எதன்மேல் உட்காரப் போகிறது என்று கேளுங்கள். துல்லியத்துக்குக் கொடுக்கும் காசில் முக்கால்வாசி அந்த இருக்கைக்குத்தான்.

மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்த லேமினேட் கட்டை மலிவு, நல்ல விறைப்பு, மழைக்கும் தனி மரத்தைவிடத் தாங்கும். தெற்கு டகோட்டாவின் மிட்செல் ஊரில் இயங்கும் பாய்ட்ஸ் இதில் பழக்கப்பட்ட பெயர். குறை எடைதான், ரைஃபிள் ஒரு பவுண்டு வரை கூடிப்போகும். தவிர, இருக்கையை நீங்களே எபாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்தால் இறுகும் பிசின்) போட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அடுத்தது அலுமினியப் பாளம் உள்ளே பதித்த ஃபைபர்கிளாஸ் வகை. பெல் அண்ட் கார்ல்சன், எச்-எஸ் பிரிசிஷன் இரண்டும் இந்த வகை. ஆக்‌ஷன் உலோகத்தின்மேல் உட்காரும், ஸ்குரூவை இறுக்கினாலும் எதுவும் நசுங்காது. மெக்மில்லன் போன்ற கைவேலை ஃபைபர்கிளாஸ் இதற்கும் மேல்படி, விலையும் அப்படியே. முழு உலோகச் சேஸி (எம்.டி.டி மாதிரி) மேஜையில் வைத்துச் சுடுவதற்கு அருமை. உறைபனியில் ஐந்து மைல் நடந்து, வெறுங்கையால் அதைத் தொட்டுப் பாருங்கள், ஆசை விட்டுப்போகும்.

உங்களுக்கு என் பரிந்துரை அலுமினியப் பாளம் உள்ள ஃபைபர்கிளாஸ். ஆர்டர் கொடுக்கும்போது நான்கு விவரம் கையில் இருக்கட்டும். ஒன்று, ஆக்‌ஷன் நீளம்: .308, .243, 7எம்.எம்-08 எல்லாம் ஷார்ட்; .30-06, .270, 7எம்.எம் ரெமிங்டன் மேக்னம் எல்லாம் லாங். இரண்டு, குழலின் பருமன்: மெல்லிய ஸ்போர்ட்டரா, கனத்த வார்மின்ட்டா. ஸ்போர்ட்டர் பள்ளத்தில் வார்மின்ட் குழல் இறங்கவே இறங்காது. வார்மின்ட் பள்ளத்தில் ஸ்போர்ட்டர் இறங்கும், ஆனால் இருபுறமும் வாய்க்கால் போல இடைவெளி விட்டு அசிங்கமாக நிற்கும். மூன்று, அடித்தகடு: உங்கள் எஸ்.பி.எஸ்-இல் கீழே திறக்கும் மூடி உண்டு, ஆகவே பி.டி.எல் வெட்டு கேளுங்கள். மூடியில்லாத ஏ.டி.எல் வெட்டில் உங்கள் உலோகம் பொருந்தாது. நான்கு, வலக்கையா இடக்கையா. இதைக் குறிப்பிடாமல் ஆர்டர் கொடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கேள்வி: 'டிராப்-இன்' என்று போட்டு விற்கிறார்கள். அப்படியே வைத்து ஸ்குரூ முடுக்கினால் போதுமா? (பென்சில்வேனியா வாசகர்)

பதில்: வைக்கலாம். ஆனால் முடுக்கும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை உண்டு.

முதலில் துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உலோகத் தண்டு) கழற்றித் தனியே வையுங்கள். 1982-க்கு முந்தைய 700-களில் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் நெம்புகோல்) போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும்; தோட்டாவை வெளியே எடுக்கச் சேஃப்டியை நீக்கியே ஆக வேண்டும். அப்படிப்பட்ட ரைஃபிள் என்றால் குழல் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க இரட்டைக் கவனம்.

ஸ்டாக்கைக் கழற்றிய கையோடு ட்ரிகரையும், அதாவது விசையையும், பாருங்கள். எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் கொண்ட ரெமிங்டன்களை, 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரானவற்றை, கம்பெனி 2014-இல் திரும்ப அழைத்தது. விசையின் முகம் வழவழவென்று இருந்தால் அந்த வகை. வரிவரியாக இருந்தால் இல்லை. சரிசெய்யப்பட்டதென்றால் போல்ட் ரிலீஸில் சிறு துளைப்புள்ளி அடையாளம் தெரியும். வழவழப்பு இருந்து புள்ளி இல்லையென்றால் ஸ்டாக் வேலையை நிறுத்திவிட்டுத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் போங்கள்.

ஆக்‌ஷனைப் புதுக் கட்டையில் ஸ்குரூ இல்லாமல் இறக்குங்கள். தன் எடையிலேயே உட்கார வேண்டும். அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் எங்கோ உரசுகிறது. பெரும்பாலும் ரீகாயில் லக்கின் (உதையைக் கட்டைக்குக் கடத்தும், முன்னடியில் நீட்டியிருக்கும் உலோகத் தடுப்பு) பக்கவாட்டில், அல்லது ட்ரிகர் கூட்டின் மூலையில், அல்லது சேஃப்டி நெம்புகோலுக்குக் கீழே. உரசும் இடத்தைக் கண்டுபிடிக்க, உலோகத்தில் லிப்ஸ்டிக்கை மெல்லத் தடவி இறக்கி எடுங்கள். கட்டையில் எங்கே சாயம் ஒட்டுகிறதோ அங்கே மட்டும் உப்புத்தாள். கடையில் இதற்கென்று நீல மை விற்கிறார்கள், லிப்ஸ்டிக் அதே வேலையைப் பார்க்கும்.

பிறகு ரைஃபிளைப் பின்முனை தரையில் ஊன்றி, குழல் வானம் பார்க்க நிறுத்துங்கள். இந்த நிலையில் ஆக்‌ஷனின் எடையே லக்கைப் பின்சுவரில் கொண்டுபோய்ச் சாத்தும். அப்படியே பிடித்துக்கொண்டு முன் ஸ்குரூ, பிறகு பின் ஸ்குரூ, மாறி மாறி, மூன்று தவணையில் இறுக்குங்கள். அலுமினியப் பாளமோ உலோகத் தூண்களோ (ஸ்குரூ துளையில் பதித்த குழாய்கள்) இருந்தால் 60 முதல் 65 அங்குல-பவுண்டு. வெறும் மரம் என்றால் 35 முதல் 40-உடன் நிறுத்துங்கள், மீறினால் மர நார் நசுங்கி, அடுத்த மாதம் ஸ்குரூ தானாகத் தளர்ந்திருக்கும். கையின் கணக்கை நம்பாதீர்கள், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும், அங்குல-பவுண்டு அளவுள்ள டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். கார் சக்கரத்துக்கு வைத்திருக்கும் அடி-பவுண்டு ரெஞ்சை இதில் வைத்தால் ஸ்குரூவின் தலை கையோடு வந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் மேகசின் பெட்டியை, அதாவது தோட்டாக்கள் அடுக்கும் தகரப் பெட்டியை, விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். துளியாவது ஆட வேண்டும். அசையாமல் கவ்வியிருந்தால் ஆக்‌ஷன் கட்டையின்மேல் உட்காரவில்லை, தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பெட்டியின் கீழ்விளிம்பில் அரை மில்லிமீட்டர் அரம் போட்டால் போதும். 'புது ஸ்டாக் போட்டும் சரியாகவில்லை' என்ற புகார்களில் இந்தக் காரணத்தைத் தேடுகிறவர்கள் குறைவு.

கேள்வி: லேமினேட் கட்டை வாங்கிவிட்டேன். எபாக்ஸி பெட்டிங் நானே போட முடியுமா? ரைஃபிள் ஒட்டிக்கொள்ளும் என்று பயமுறுத்துகிறார்கள். (டெக்சாஸ் வாசகர்)

பதில்: பெட்டிங் என்றதும் பந்தயத்தை நினைக்க வேண்டாம், ஆக்‌ஷனுக்குப் படுக்கை போடுவது. நிதானம் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பயமுறுத்தியவர்களும் பொய் சொல்லவில்லை, அவசரப்பட்டால் ஒட்டித்தான் போகும்.

பொருள்கள்: டெவ்கான் 10110 ஸ்டீல் புட்டி அல்லது பிரவுனெல்ஸின் அக்ராகிளாஸ் ஜெல் (இரண்டும் எபாக்ஸி வகை), குழந்தைகள் விளையாடும் மெழுகுக் களிமண், நிறமில்லாத ஷூ பாலிஷ், எலக்ட்ரிகல் டேப், பிளம்பர்கள் குழாய் சுற்றும் 10 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து பங்கு) தடிமனான டேப், காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு டப்பா, வினிகர். தலையில்லாத 1/4-28 ஸ்குரூ இரண்டு. இவைதான் ஆக்‌ஷனை நேராக இறக்கும் வழிகாட்டி.

ட்ரிகரையும் போல்ட்டையும் கழற்றிவிடுங்கள். கட்டைக்குள் முன்வளையம் (குழல் திருகியிருக்கும் முன்பகுதி) உட்காரும் இடத்திலும் பின்வால் (பின்னால் நீளும் பகுதி) உட்காரும் இடத்திலும் 2 மில்லிமீட்டர் ஆழம் மரத்தைச் சுரண்டுங்கள். முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். உயரம் மாறாமலிருக்க ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்று பழைய மட்டத்திலேயே நிற்கட்டும். சுரண்டிய இடம் சொரசொரப்பாக இருப்பது நல்லது, பசை பிடிக்கும்.

இப்போது லக். வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. லக்கின் முன்முகம், இரண்டு பக்கங்கள், அடி ஆகிய நான்கிலும் தடித்த டேப் ஒட்டி, விளிம்பில் பிளேடால் ஒழுங்காக வெட்டிவிடுங்கள். பின்முகத்தில் மட்டும் டேப் கூடாது. சுடும்போது ஆக்‌ஷன் பின்னால் உதைக்கிறது, அந்த உதையை வாங்குவது பின்முகம். அது எபாக்ஸியோடு இழையோடிப் பொருந்த வேண்டும். மற்ற பக்கங்களில் டேப் அளவுக்கு இடைவெளி இருந்தால்தான் ஆக்‌ஷன் எளிதாக ஏறி இறங்கும். நான்கு பக்கமும் கவ்வி நின்றால் கழற்றும்போது ஒவ்வொரு முறையும் படுக்கை உடைந்து வரும்.

ஆக்‌ஷனில் இருக்கும் ஓட்டை, பள்ளம், ட்ரிகர் பின் துளை எல்லாவற்றையும் களிமண்ணால் அடைத்து மட்டம் செய்யுங்கள். ஒட்டிக்கொள்வது பசையால் அல்ல, பெரும்பாலும் இந்தத் துளைகளால்தான். உள்ளே ஓடிய எபாக்ஸி இறுகி ஆணி அடித்தாற்போலப் பூட்டிவிடும். பிறகு, எபாக்ஸி ஒட்டாமலிருக்க, உலோகம் முழுவதும் ஷூ பாலிஷ், காய்ந்ததும் தேய்த்து, மறுபடி ஒரு பூச்சு. வழிகாட்டி ஸ்குரூக்களுக்கும் பூச மறக்க வேண்டாம். குழலின் முன்பகுதியில் டேப் சுற்றிச் சுற்றிப் பள்ளத்தின் நடுவே குழல் நிற்கும்படி செய்துகொள்ளுங்கள்.

கலவை: டெவ்கான் எடைக் கணக்கில் 9-க்கு 1. சமையலறைத் தராசில் 54 கிராம் புட்டி, 6 கிராம் ஹார்டனர் வைத்தால் ஒரு ரைஃபிளுக்குத் தாராளம். அக்ராகிளாஸ் ஜெல் ஒன்றுக்கு ஒன்று. ஜெல் அல்லாத பழைய அக்ராகிளாஸ் நான்குக்கு ஒன்று, இரண்டையும் குழப்பிக்கொண்டால் இறுகவே இறுகாது. காற்றுக் குமிழி சேராமல் அட்டையின்மேல் தேய்த்துத் தேய்த்துக் கலக்குங்கள். டெவ்கான் முக்கால் மணி நேரம் வேலை செய்ய விடும், பதற்றம் வேண்டாம். லக் குழியின் பின்சுவரில் முதலில் அப்பி, பிறகு அடி, பிறகு மற்ற இடம்.

ஆக்‌ஷனை நேராக இறக்கி, எலக்ட்ரிகல் டேப்பால் கட்டையோடு சேர்த்துச் சில சுற்று சுற்றுங்கள். இறுக்க ஸ்குரூ போடாதீர்கள். ஸ்குரூவின் இழுப்பில் ஆக்‌ஷன் மயிரிழை வளைந்து, அந்த வளைவோடேயே எபாக்ஸி இறுகும். பின்னர் எத்தனை சரியாக முடுக்கினாலும் ஆக்‌ஷன் கோணலாகவே இருக்கும். பிதுங்கி வழிவதைப் பஞ்சுக்குச்சியை வினிகரில் நனைத்துத் துடையுங்கள்.

மிச்சக் கலவை அட்டையில் கிடக்கட்டும், அதுதான் உங்கள் கடிகாரம். நகம் பதியாத அளவு அது இறுகியிருக்க வேண்டும், அறை வெப்பத்தில் 24 மணி நேரம் என்று வையுங்கள். கழற்றும்போது பக்கவாட்டில் ஆட்டாமல், கட்டையைத் தலைகீழாகப் பிடித்து வழிகாட்டி ஸ்குரூக்களை ரப்பர் சுத்தியால் முன்னும் பின்னும் மாறி மாறித் தட்டுங்கள். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும், நிம்மதி. கேட்கவில்லையென்றால் முழுவதையும் இரண்டு மணி நேரம் பெரிய ஃப்ரீசரில் வைத்து எடுத்துத் தட்டுங்கள். உலோகம் சுருங்கி விட்டுக்கொடுக்கும்.

கடைசியாக, ஸ்குரூ போகும் துளைகளை 5/16 அங்குல ட்ரில்லால் அகலப்படுத்துங்கள். கால் அங்குல ஸ்குரூ துளையின் சுவரைத் தொடக் கூடாது, தொட்டால் உதையை லக்குக்குப் பதில் அது வாங்கும். எல்லாம் மாட்டியபின் சோதனை: முன் ஸ்குரூவை மெல்லத் தளர்த்திக்கொண்டே, குழலுக்கும் முன்நுனிக்கும் நடுவே விரல் வைத்திருங்கள். ஏதும் உணரவில்லையென்றால் படுக்கை சரி. குழல் எழும்புவது விரலுக்கே தெரிந்தால் ஆக்‌ஷன் இன்னும் வளைந்துதான் உட்கார்ந்திருக்கிறது. மேல்பூச்சைச் சுரண்டி மறுபடி ஒரு மெல்லிய படுக்கை.

கேள்வி: என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கணவரின் .243 ரைஃபிள் எனக்கு நீளம். தோளில் வைத்தால் ஸ்கோப்பில் கறுப்பு வளையம்தான் தெரிகிறது. கட்டையை வெட்டலாமா? (ஒன்டாரியோ வாசகி)

பதில்: கட்டைக்காகக் கழுத்தை நீட்டுவது செருப்புக்காகக் காலை வெட்டுவது மாதிரி. தாராளமாக வெட்டுங்கள், ஆனால் கணவரின் மரக்கட்டையை அல்ல. அவருக்கும் அது வேண்டும். மலிவான லேமினேட் ஒன்று வாங்கி அதை வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் சொல்லி ஆர்டர் செய்யும் வசதியும் உண்டு.

விசையின் முகத்திலிருந்து ரப்பர் பேடின் நடு வரை உள்ள நீளம்தான் கணக்கு. ரெமிங்டன் 700-இல் அது 13 3/8 அங்குலம். உங்கள் உயரத்துக்கு 12 முதல் 12 1/2 சரிவரும். வேட்டைக்குப் போடும் தடித்த கோட்டை அணிந்துகொண்டு அளந்து பாருங்கள், டி-ஷர்ட்டில் பார்த்த அளவு நவம்பரில் பொய்யாகிவிடும். கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கன்னத்தை வைத்தபின் கண்ணைத் திறங்கள். ஸ்கோப் வட்டம் முழுதாகத் தெரிந்து, மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அதுவே உங்கள் அளவு.

வெட்டும் கணக்கில் பேடின் தடிமனை மறந்துவிடுகிறார்கள். மொத்தம் 13 3/8, அதில் பழைய பேட் அரை அங்குலம் என்றால் மரம் 12 7/8. உங்களுக்கு 12 1/2 வேண்டும், புதுப் பேட் 1 அங்குலம் என்றால் மரம் 11 1/2 இருந்தால் போதும். ஆக வெட்ட வேண்டியது 1 3/8 அங்குலம். மாஸ்கிங் டேப் சுற்றி, அதன்மேல் கோடு போட்டு, பழைய வெட்டின் அதே சரிவில், நுண்பல் ரம்பத்தால் அறுங்கள். டேப் இல்லாவிட்டால் விளிம்பு சில்லுசில்லாகப் பெயரும். பின்முனை சிறுத்துவிடுவதால் தேய்த்துப் பொருத்தும் வகைப் பேட் வாங்க வேண்டும். உள்ளே பொள்ளலாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டையை இப்படி வெட்டாதீர்கள், பேடின் ஸ்குரூ பிடிக்க ஒன்றும் இருக்காது.

வெட்டியதும் கண் ஸ்கோப்புக்கு அருகே போய்விடும். ஸ்கோப்பை முன்னால் தள்ளி, மூன்றரை அங்குலமாவது இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் முதல் குண்டிலேயே புருவத்தில் பிறைவடிவத் தழும்பு.

கேள்வி: சாவேஜ் 110, டிக்கா டி3 ரைஃபிள்களுக்கும் இதே முறைதானா? (ஐடஹோ வாசகர்)

பதில்: அடிப்படை ஒன்று, வித்தியாசம் இரண்டு. சாவேஜில் ஸ்குரூக்களின் இடைவெளி மாடலுக்கு மாடல் மாறியிருக்கிறது, வாங்கும் முன் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்துகொள்ளுங்கள். அதன் பின்வால் கட்டையைத் தொடவே கூடாது, அங்கே எபாக்ஸி வேண்டாம். டிக்காவில் லக் ஆக்‌ஷனோடு சேர்ந்தது அல்ல. கட்டைக்குள் தனித் துண்டாக இருக்கும், ஆக்‌ஷனின் பள்ளம் அதன்மேல் இறங்கும். பழைய கட்டையை விற்கும்போது அதைச் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டாம். டி3-இல் அது அலுமினியம், உதை வாங்கி வாங்கி முகம் நசுங்கும். 2016-இல் வந்த டி3எக்ஸ்-இல் எஃகு. பழையது நசுங்கியிருந்தால் எஃகுத் துண்டு தனியே கிடைக்கிறது.

கேள்வி: வால்நட் கட்டை. கோடையில் சரியாக இருக்கும் ரைஃபிள், மழைக்காலத்தில் இரண்டு அங்குலம் இடம் தள்ளிச் சுடுகிறது. (ஓரிகன் வாசகர்)

பதில்: வெளியே பளபளக்கும் பாலிஷ், உள்ளே பூச்சில்லாத வெறும் மரம். ஈரம் குடித்து ஊதி, குழலைத் தொடுகிறது. ஆக்‌ஷனைக் கழற்றினால் பள்ளத்தின் உட்புறம், மேகசின் குழி, ரப்பர் பேடுக்குக் கீழே உள்ள முனை ஆகியவை பூச்சே காணாமல் இருக்கும். அந்த முனைதான் ஸ்பாஞ்சு போல உறிஞ்சும். பெட்டிங் போடுவதாக இருந்தால் முதலில் அதை முடியுங்கள், எபாக்ஸி பூச்சில்லாத மரத்தில்தான் பிடிக்கும். பிறகு மிச்ச இடமெல்லாம் பாலியுரேதேனை மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. குழலுக்கும் மரத்துக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். காகிதம் நுழையும் இடைவெளி மழைக்குப் போதாது.

கேள்வி: புதுக் கட்டை மாட்டியதிலிருந்து போல்ட் கடைசி அரை அங்குலத்தில் கனமாக மூடுகிறது. ரைஃபிள் கெட்டுவிட்டதா? (மிச்சிகன் வாசகர்)

பதில்: இல்லை. முன் ஸ்குரூ நீளம். மேலே எட்டிப் போய் போல்ட்டின் பூட்டுப் பல்லை (இதற்கும் லக் என்றே பெயர்) உரசுகிறது. முன் ஸ்குரூவை ஒரு சுற்று தளர்த்திப் போல்ட்டை மூடிப் பாருங்கள், வெண்ணெய் போல மூடினால் அதுவேதான். கழற்றி நுனியில் பாருங்கள், தேய்ந்த பளபளப்பு தெரியும். அரை மில்லிமீட்டர் அரத்தால் எடுத்து, விளிம்பின் பிசிறை நீக்கி மறுபடி மாட்டுங்கள். ஐந்தாறு சுற்று மரை பிடிக்கிறதா என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள், குட்டையாக்கி விட்டீர்கள் என்றால் மரை உரிந்துவிடும். அப்படியும் போல்ட் கனமாக இருந்தால் கைப்பிடியைப் பாருங்கள், கட்டையின் வெட்டில் அது முட்டுகிறதோ என்னவோ. பிறகு 20 குண்டு சுட்டதும் இரண்டு ஸ்குரூக்களையும் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்துவிட்டு, ஸ்கோப்பைப் புதிதாக ஜீரோ செய்யுங்கள், அதாவது குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி திருத்துங்கள். பழைய ஜீரோ பழைய கட்டையோடு போய்விட்டது.